ஏழு அடிக் காணிக்கைப் பாட்டு

ஜூலை 7, திங்கள்

என் கை நடுங்கவில்லை. வேறு எதையும் எழுதும் முன் இது.

நேற்றுத் திருப்பலி முடிந்து கோவில் கேட்டைத் தாண்டுவதற்குள் இரண்டு பெண்கள் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டார்கள். அனுமதி கேட்கவில்லை. ஒருத்தி கேழ்வரகுக் கஞ்சி குடிக்கச் சொன்னாள். பின்னால் யாரோ, தாழ்ந்த குரல் என்று நினைத்துக்கொண்டு: "பாவம் பிலோ ஆன்ட்டி, கை நடுங்குதாம். அதான் பாட்டு நடுவுல தாளம் போயிடுச்சு." பாவமாம்.

நடந்தது வேறு. புதிய காணிக்கைப் பாட்டு ஏழு அடித் தாளம். மூன்று, பிறகு நான்கு. குருமடத்திலிருந்து வந்த தாளில் அப்படித்தான் இருக்கிறது. ஜூன் முழுக்க அப்படித்தான் பழகினோம். போன வாரம் நான் கூடுவாஞ்சேரியில் மகன் வீட்டில். திரும்பியது சனி இரவு. அந்த ஒரு வாரத்தில் பாட்டை எட்டாக மாற்றிவிட்டார்கள். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. நேற்று முதல்முறையாகத் திருப்பலியில் பாடினோம். கீபோர்டு எட்டு, பாடுகிறவர்கள் எட்டு, என் கிட்டார் ஏழு. இரண்டாவது வரிக்குள் ஆளுக்கொரு திசை. காணிக்கைத் தட்டு எடுத்து வந்தவர்கள்கூட நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

முடிந்ததும் பெனடிக்டைக் கேட்டேன். பாடகர் குழுவுக்கு இப்போது அவர்தான் தலைவர், கீபோர்டும் அவரே, வாரநாளில் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. பதில்: "கீபோர்டுல ஏழுக்கு ஸ்டைல் இல்ல ஆன்ட்டி. எட்டுல போட்டா நல்லா செட் ஆவுது." ஸ்டைல் என்பது பெட்டிக்குள் அடைத்து விற்கும் தாளம். பொத்தானை அமுக்கினால் மத்தளமும் ஜால்ராவும் தானாக ஓடும். பெட்டியில் இல்லை என்பதற்காகப் பாட்டுக்கு ஒரு கால் ஒட்டவைத்திருக்கிறார். செருப்புக் கடையில் அளவு கிடைக்கவில்லை என்றால் விரலை வெட்டுவாரா.

ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஓர் அடி சும்மா நிற்கிறார்கள். வாயைத் திறந்தபடி. அருவருப்பு.

நாளைக்கு: மூன்றாம் கம்பி மாற்ற. இடக்கை நகம் வெட்ட. தலையணை உறை துவைக்கப் போட.


ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததும் புழுக்கம். தெருவில் சாக்கடை தோண்டி அப்படியே விட்டுப் போயிருக்கிறார்கள், நாற்றம் மூன்றாம் மாடி வரை. ஜன்னலைச் சாத்தினால் வேர்வை. திறந்தால் அது. சாத்தினேன்.

பயிற்சி. வலக்கை கீழே ஒரு வீச்சு, மேலே ஒரு வீச்சு, ஊசல் மாதிரி. நாலுக்கும் ஆறுக்கும் எட்டுக்கும் அது போதும். சுற்று முடியும்போது கை மேலே வந்திருக்கும், அடுத்ததைக் கீழ்வீச்சில் தொடங்கலாம். ஏழில் அது நடக்காது. சுற்று முடியும்போது கை கீழே நிற்கும். அப்படியே போனால் அடுத்த சுற்றின் முதல் அடி மேல்வீச்சாகிவிடும். மேல்வீச்சில் கனம் கிடையாது, பாட்டு நொண்டும். வழி ஒன்றுதான். முதல் இரண்டு அடியும் கீழ்வீச்சு. கீழ், கீழ், மேல். கீழ், மேல், கீழ், மேல். முதல் இரண்டுக்கும் நடுவே கையை வெறுமனே தூக்க வேண்டும். கம்பியில் படக்கூடாது. நேரமும் எடுக்கக்கூடாது. அந்தத் தூக்கலில்தான் எல்லாம்.

காலை முழுக்க இதே. மெதுவாக வாசித்தால் சுத்தம். பாட்டின் வேகத்தில் அசிங்கம். கை தூக்கும்போது நான்காம் கம்பியைச் சுரண்டுகிறது, எலி மாதிரி.

படிக்கட்டில் மேல்வீட்டுப் பெண். "ஆன்ட்டி, ஏதாவது பாட்டு வாசிக்கலாமில்ல? ஒரே டொய்ங் டொய்ங்னே கேக்குது." பாட்டு இதற்குப் பிறகுதான் வரும் என்றேன். சிரித்துக்கொண்டு போனாள். அவள் வீட்டு மிக்ஸி பற்றி நான் ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை.

மாலை ஆன்டோ போன். என் மகன். விசாரிப்பு எல்லாம் முடிந்து மெல்ல: "அம்மா, கை நடுங்குதாமே? பெருங்களத்தூர்ல நல்ல நியூரோ டாக்டர் இருக்காராம்."

"யார் சொன்னா?"

"எல்லாரும்தாம்மா."

"எல்லாரும்னு ஒரு ஆள் கிடையாது. பேரைச் சொல்."

சொல்லவில்லை. நான் எப்போதும் இப்படித்தான் என்றான். அது சரி. எப்போதும் இப்படித்தான்.

கான்வென்ட் விடுதியில் கிட்டார் கற்றுக் கொடுத்த சிஸ்டர் மேசைமேல் மர அளவுகோலால் தட்டிக்கொண்டே இருப்பார். சுருதி தப்பினால் கர்த்தர் மன்னிப்பார், எண்ணிக்கை தப்பினால் நான் மன்னிக்க மாட்டேன் என்பார். அன்பான பெண்மணி அல்ல. தேவையும் இல்லை.

இரவு: கோதுமை ரவை உப்புமா. பாதி கொட்டினேன்.


ஜூலை 9, புதன்

பங்கு வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஞாயிறு காணிக்கைப் பாட்டை வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். கூப்பிய கைகள், பூக்கள், கண்ணீர் முகங்கள். ஒன்றும் புரியாதவர்கள் போடும் குறிகள். பார்க்க வேண்டாம் என்று இருந்தேன். பிறகு பார்த்தேன். என் வாதத்துக்கு அது சாட்சி என்று நினைத்தேன்.

முதல் சரணம்: நான் ஏழு. சந்தேகமே இல்லை. இரண்டாம் சரணம்: ஏழு. கீபோர்டு என்னைத் தள்ளுகிறது, நான் நகரவில்லை. சரியாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் சரணம்: எட்டு.

திரும்பத் திரும்பக் கேட்டேன். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். எட்டுதான். அந்த வெறும் தூக்கலை என் கை ஓர் அடியாக எண்ணிக்கொள்கிறது. கீழ், சும்மா, கீழ், மேல். அவர்கள் நிற்கிற இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். பாதியில் புத்தி வந்து ஏழுக்குத் திரும்பப் பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் கேட்ட அந்தக் குளறுபடி அங்கேதான். நடுக்கம் அல்ல. அதைவிடக் கேவலம். விட்டுக்கொடுத்திருக்கிறேன். எனக்கே தெரியாமல்.

என் கணவருக்கு என்ன வியாதி என்று யாருக்கும் தெரியாத காலத்தில், மாமியார் வீட்டு மொத்தமும் ஒரு பேச்சுப் பேசியபோது நான் வேறு பேச்சுப் பேசினேன். கம்பெனியில் மானேஜர் தப்பாகச் சொன்ன வாக்கியத்தைச் சரியாகத்தான் தட்டச்சு செய்து கொடுத்தேன். முப்பது வருட ஸ்டெனோ வேலை. அப்போதெல்லாம் நகராதவள், பொத்தான் அமுக்கின மத்தளத்துக்கு நகர்ந்திருக்கிறேன்.

மதியம் கிட்டாரை உறையிலிருந்து எடுக்கவில்லை. தொட அருவருப்பு. கிட்டாரை அல்ல, கையை.

மருந்து இரண்டும் போட்டாயிற்று.


ஜூலை 10, வியாழன்

மேற்குத் தாம்பரம் மார்க்கெட். கம்பி வாங்க. கிட்டாரையும் எடுத்துப் போனேன், கடையிலேயே மாட்டிக் கேட்கலாமென்று. ஷேர் ஆட்டோக்காரன் கண்ணாடியில் பார்த்து: "இன்னா ஆயா, கச்சேரிக்கா போயினு கீற?" பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண்கள் இளித்தார்கள். ஆமாம், நீயும் வா, முன் வரிசையில் உட்கார் என்றேன். "நம்மளுக்கு கானாதான் ஒத்துக்கும் ஆயா" என்றான். ஆயா. வெள்ளைப் புடவை கட்டினால் ஆயா. போகட்டும். ஆனால் அவன் ரேடியோவில் ஓடியதும் அதே எட்டு. காய்கறிக் கடை ஒலிபெருக்கி எட்டு. மொபைல் கடை வாசலில் எட்டு. ஸ்டேஷன் சுரங்கப்பாதையில் எவனோ காதைச் செவிடாக்கும் பெட்டியில் எட்டு. ஊரே ஒரே காலில் நொண்டுகிறது, அதைத்தான் நடை என்கிறது.

கடையில் பேப்பர் கப்பில் டீ நீட்டினார்கள். மெழுகு வாசனை. மறுத்தேன்.

வீடு வந்ததும் ஒரு முடிவு. ஏழைத் தனியாக வாசித்து என்ன பயன், தனியாக யார் வேண்டுமானாலும் யோக்கியமாக இருக்கலாம். எட்டு பக்கத்தில் ஓடும்போது ஏழு நிற்க வேண்டும். போனில் தேடி, பெனடிக்டின் பெட்டி போடுகிற அதே மாதிரி எட்டடி மத்தளத்தைப் பிடித்தேன். சத்தத்தை முழுதாக வைத்து எவர்சில்வர் குவளைக்குள் போனைப் போட்டேன், இன்னும் உரக்கக் கேட்கட்டும் என்று. அதன்மேல் ஏழு.

முதலில் ஐந்தாறு சுற்றில் சரிந்துவிட்டது. எங்கே சரிகிறது என்று பார்த்தேன். எப்போதும் அதே தூக்கலில். கையைத் தூக்கும் அந்த இடைவெளியில் காது வெளியே போய்விடுகிறது, வெளியே எட்டு காத்திருக்கிறது. ஆகையால் அங்கே வாயால் எண்ணினேன். ஒன் டூ த்ரீ, ஒன் டூ த்ரீ ஃபோர். 'டூ' என்பதை மட்டும் உரக்க. 'டூ' என்று சொன்னால் கை நிற்க முடியாது, இறங்கியே ஆக வேண்டும்.

பிடிபட்டது. எட்டு ஏழுகள், ஏழு எட்டுகள். ஐம்பத்தாறு அடி முடிந்ததும் நானும் அந்த அசிங்கமான மத்தளமும் ஒரே இடத்தில் விழுகிறோம். பிறகு மறுபடி பிரிகிறோம். முதல்முறை அப்படி விழுந்தபோது சிரித்துவிட்டேன். அதற்குள் மேலே தரையைத் தட்டினார்கள்.

மணிக்கட்டு வலி. இது வலி. நடுக்கம் அல்ல. எண்ணெய் தேய்த்தேன்.


ஜூலை 12, சனி

பயிற்சி நாள். பங்கு மண்டபத்துப் பின்னறை. மின்விசிறி ஒன்று, கொசு ஏராளம், யாரோ விட்டுப்போன பஜ்ஜிப் பொட்டலம் மூலையில் எண்ணெய் கசிந்துகொண்டு.

என் நாற்காலிமேல் ஸ்பீக்கர் பெட்டி. நான் நின்றுகொண்டிருப்பது எல்லாருக்கும் தெரிகிறது. ஒருவரும் எழவில்லை. பெட்டியை நானே இறக்கித் தரையில் வைத்தேன். பெனடிக்ட் ஓடி வந்தார்.

"ஆன்ட்டி, நீங்க எதுக்கு தூக்கறீங்க? கை..."

"கைக்கு ஒன்றும் இல்லை, தம்பி."

"இல்ல ஆன்ட்டி, திருவிழாவுக்கு பிஷப் வர்றாரு. லைவ் போடறோம். உடம்பு முடியாதவங்க இந்தத் தடவ ரெஸ்ட் எடுக்கட்டும்னு ஃபாதரே சொல்லிட்டாரு. நீங்க முன்னாடி வரிசைல உக்காந்து பாருங்க. கௌரவமா."

கௌரவமாக. ஆகஸ்ட் பங்குத் திருவிழாவில் இருபத்திரண்டு வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தவளை முன் வரிசையில் குத்துவிளக்கு மாதிரி வைப்பார்களாம். நான் உடம்பு முடியாதவள் என்று எந்த மருத்துவர் சொன்னார் என்று கேட்டேன். கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

இன்று ஒருமுறை, ஒரே முறை, கீபோர்டின் மத்தளத்தை நிறுத்திவிட்டு ஏழில் பாடுவோம், தாளில் உள்ளபடி, என்றேன். முகம் சுளித்தார். ஆனால் நிறுத்தினார், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

சரணம் தனிக்குரல் ரோஸ்லின். பன்னிரண்டு வருடத் தோழி, தபால் ஆபீசில் இருந்து ஓய்வு, என்னைவிட எட்டு வயது சின்னவள், என்னை அக்கா என்பாள். குரல் நல்ல குரல். தொடங்கினோம். என் கை சுத்தம். தூக்கல் சுத்தம். வியாழன் உழைப்பு வீண் போகவில்லை. முதல் வரி, இரண்டாம் வரி. மூன்றாம் வரி நடுவில் ரோஸ்லின் நின்றுவிட்டாள். இருமல். தண்ணீர் குடித்தாள். பிறகு யாரையும் பார்க்காமல், "அக்கா ரொம்ப வேகமா போறாங்க" என்றாள்.

வேகம் இல்லை. இம்மியளவும் இல்லை. ஆனால் எல்லார் கண்ணும் என் கையில். பெனடிக்ட் பொத்தானை அமுக்கினார். மத்தளம். எட்டு. எல்லாரும் சுகமாகப் பாடினார்கள். பழகின மாட்டுவண்டி.

அப்போது ஃபாதர் எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர், எதற்கும் முடிவு சொல்லாதவர். நான் குழுவில் இருக்கிறேனா இல்லையா என்று நேராகக் கேட்டேன்.

"அம்மா, நீங்க நம்ம பங்குக்கு மூத்தவங்க. பாத்துக்கலாம்மா."

"பார்க்க என்ன இருக்கிறது, ஃபாதர்?"

"பாத்துக்கலாம், பாத்துக்கலாம். பேசி முடிவு பண்ணிக்கலாம்." போய்விட்டார்.

பாத்துக்கலாம். இந்தச் சொல்லைக் கேட்டால் தொண்டையில் முடி மாட்டினது போலிருக்கிறது.

நடந்தே வீடு வந்தேன். தூறல். கிட்டார் உறை நனைந்தது. கொடியில் போட்டிருக்கிறது.


ஜூலை 13, ஞாயிறு

இரண்டாம் திருப்பலிக்குப் போனேன், பாடகர் குழு முதலாவதில் பாடுவதால். பின் வரிசை. பிரசங்கம் நீளம். ஒலிபெருக்கியில் கரகரப்பு.

மதியம் ரோஸ்லின் வந்தாள். டப்பாவில் வாழைப்பழக் கேக். அடியில் கருகல். அவள் கேக் கருகவிடுகிறவள் அல்ல.

உட்காரவே நேரமாயிற்று அவளுக்கு. மூன்று மாடி. லிஃப்ட் பழுது, குடியிருப்புச் சங்கத்தில் அதற்கும் 'பாத்துக்கலாம்'. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். சாதாரண மூச்சு அல்ல. உள்ளே சீழ்க்கை அடிக்கிற மூச்சு. கைப்பையிலிருந்து நீல இன்ஹேலர் எடுத்து வாயில் வைத்து அமுக்கினாள். நான் அதுவரை பார்த்ததே இல்லை.

எத்தனை நாளாக என்று கேட்டேன். மே மாதத்திலிருந்து. ரோட்டுத் தூசி. வீட்டில் மருமகளுக்கு மட்டும் தெரியும்.

பிறகு அவளாகவே சொன்னாள். நான் எதுவும் கேட்கவில்லை.

"அக்கா, எட்டா மாத்தச் சொன்னது நான்தான். ஏழுல மூச்சு விடவே எடமில்ல. வரி முடியறதுக்குள்ள அடுத்த வரி வந்துடுது. அந்த எட்டாவது அடியிலதான் நான் மூச்சு எடுக்கறேன். பெனடிக்ட் கிட்ட மூச்சுன்னு சொல்லல, எட்டுல நல்லாருக்கும்னு மட்டும் சொன்னேன். அவருக்கும் ஸ்டைல் இல்லாம கஷ்டமா இருந்துச்சு, சரின்னுட்டாரு."

"எனக்கு ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா ஒத்துக்குவீங்களா?"

ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

"கை நடுங்குதுன்னு சொன்னதும் நீதானா?"

அழுதாள். திருப்பலி முடிந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்களாம், ஏன் பாட்டு குழம்பியது என்று. இவள் முகம் சிவந்து மூச்சு வாங்கியதை ஒருத்தி கவனித்துவிட்டாளாம். அவள் வாய் திறப்பதற்குள் இவள் சொல்லிவிட்டாள்: பிலோ அக்காவுக்குக் கை நடுங்குது, பாவம். ஒரு வாக்கியம். அது அரை மணியில் கூடுவாஞ்சேரி போய்விட்டது.

"உடம்பு முடியாதவங்க ரெஸ்ட்னு ஃபாதர் சொல்லுவாருன்னு எனக்கு எப்படித் தெரியும் அக்கா? தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டேன்."

தெரிந்த பிறகு? வியாழக்கிழமையே தெரியுமாம். நேற்று பயிற்சியில் இருமிவிட்டு வேகம் என்றாளே, அப்போது தெரியும். கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

நீயே போய் ஃபாதரிடம் சொல் என்றேன். கையைப் பிடித்துக்கொண்டாள். "சொன்னா என்னையும் எடுத்துடுவாங்க. சரணம் அந்த சின்னப் பொண்ணுக்குப் போயிடும். எனக்கு இத விட்டா என்ன இருக்கு அக்கா, வீட்ல? நீங்க சொன்னா ஃபாதர் நம்புவாரு. தயவு செஞ்சு சொல்லாதீங்க."

கையை விடுவித்துக்கொண்டேன். சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இறங்கும்போது மெதுவாக இறங்கு, ஒவ்வொரு தளத்திலும் நில் என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

பிறகு கைகழுவினேன். சோப்புப் போட்டு, இரண்டு தடவை. கேக்கை எறும்புக்கு வைத்தேன். எறும்பும் தொடவில்லை. நியாயம்.


ஜூலை 14, திங்கள்

தூக்கம் சரியில்லை. பால் திரிந்தது. தேங்காய் அழுகல்.

காலை நானே சரணத்தைப் பாடிப் பார்த்தேன், ஏழில், வாசித்துக்கொண்டே. மூச்சு எங்கே எடுக்கிறேன் என்று பென்சிலால் குறித்தேன். நான் பாடகி அல்ல. இருந்தாலும் மூச்சுக் கோளாறும் இல்லை. மூன்றாம் வரியில் நானும் திணறினேன். அவள் சொன்னது அந்த மட்டுக்கு உண்மை. எழுதியவர் மூச்சு விடாத குருமாணவராக இருக்க வேண்டும்.

ஆனால் வழி இருக்கிறது, அதுவும் சின்ன வழி. ஒரே குரல் நான்கு வரியும் பாட வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. முதல் வரி ஒரு குரல், இரண்டாவது இன்னொரு குரல், மாறி மாறி. ஒருத்தி பாடும்போது மற்றவள் மூச்சு எடுக்கலாம், தாராளமாக. பல்லவியில் பாதிப் பேர் முதல் வரி முடிவில் மூச்சு, மீதிப் பேர் நடுவில். தாளம் அசையாது. இதை யோசிக்க யாருக்கும் ஐந்து நிமிடம் இல்லை. எட்டாவது அடியை ஒட்டவைக்கவும் என் கையை நடுங்கவைக்கவும் நேரம் இருந்தது.

ஆன்டோ போன். டாக்டருக்கு வியாழன் நேரம் வாங்கிவிட்டானாம். ரத்து செய் என்றேன். "சும்மா ஒரு தடவ காட்டிட்டு வரலாம்மா, என்ன போகுது?" போகிறது என்றேன். நான் அங்கே போய் உட்கார்ந்தால் அந்தப் பேச்சு உண்மையாகிவிடும். அவனுக்குப் புரியவில்லை. ஆனால் ரத்து செய்தான்.

மாலை ரோஸ்லின் போன், மூன்று முறை. எடுக்கவில்லை. எடுத்தால் மன்னித்துவிட்டேன் என்று சொல்லச் சொல்வாள். சொன்னால் பொய். அவள்மேல் கோபம்கூட இல்லை இப்போது, குமட்டல்தான். பன்னிரண்டு வருடம் ஒரே பெஞ்சில். எத்தனை ரயில் பயணம், எத்தனை துக்க வீடு. ஒரு நிமிடம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள என் கையை எடுத்து நீட்டிவிட்டாள்.

அவள் குரல் போய்விட்டால் அந்தக் குழுவில் கேட்கத் தகுந்ததாக வேறு ஒன்றும் இல்லை. இதுவும் உண்மை.

பயிற்சி: குவளைக்குள் போன், எட்டு. மேலே ஏழு. சரணம் மூன்றும். சரியவில்லை.


ஜூலை 15, செவ்வாய்

மேகம், மழை இல்லை. ஃபாதருக்குக் கடிதம். முதல் வரைவில் ரோஸ்லின் பெயர், இன்ஹேலர், எல்லாம் இருந்தது. வரிசையாக, காரணகாரியத்தோடு, நல்ல கடிதம். படித்துப் பார்த்தேன். வாழைப்பழக் கேக் வாசனை அடித்தது. கிழித்தேன். பெருந்தன்மை அல்ல. என் கை சுத்தம் என்று காட்ட அவள் நெஞ்சைத் திறந்து காட்டுவது எனக்கு அசிங்கம், அவ்வளவுதான். அவள் செய்ததை நானும் செய்தால் பிறகு எந்தத் தண்ணீரில் கழுவுவது.

சுத்தப் பிரதி, இங்கேயும் ஒரு நகல்:

மதிப்பிற்குரிய ஃபாதர்,

எனக்குக் கை நடுங்குவதாகப் பங்கில் பேசப்படுகிறது. அது உண்மையல்ல. யார் சொன்னது என்பது இக்கடிதத்தின் பொருளுமல்ல. கடந்த ஞாயிறுக்கு முந்தைய ஞாயிறு காணிக்கைப் பாட்டு குழம்பியதற்குக் காரணம், தாளம் ஏழிலிருந்து எட்டாக மாற்றப்பட்டது எனக்குத் தெரிவிக்கப்படாதது. மூன்றாம் சரணத்தில் நானும் எட்டுக்குச் சரிந்து பிறகு திரும்ப முயன்றேன். அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். பயிற்சியால் சரி செய்துகொண்டேன்.

பாட்டை எழுதப்பட்டபடி ஏழில் பாடுவதே முறை. ஆனால் ஏழு அடியில் ஒரே குரல் முழுச் சரணமும் பாடுவது நல்ல உடல்நலம் உள்ளவருக்கும் சிரமம். நானே பாடிப் பார்த்தேன். ஆகவே திருமதி ரோஸ்லினும் இன்னொருவரும் வரிக்கு வரி மாறி மாறிப் பாடலாம். முதல் குரல் திருமதி ரோஸ்லினாகவே இருக்க வேண்டும். அந்தக் குரலுக்கு மாற்று நம் பங்கில் இல்லை. மூச்சு எடுக்கும் இடங்களைக் குறித்த தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஏழடித் தாளத்துக்குக் கீபோர்டின் மத்தளம் தேவையில்லை, கிட்டார் போதும்.

நான் வாசிக்கத் தகுதியுள்ளவளா என்பதை அறிய, தாங்களும் திரு. பெனடிக்டும் குழுவினரும் குறிக்கும் எந்த நாளிலும், எந்த வேகத்திலும், பெட்டியின் மத்தளம் பக்கத்தில் ஓடினாலும் சரி, வாசித்துக் காட்டத் தயார். தவறினால் நானே விலகிக்கொள்வேன், முன் வரிசை நாற்காலியும் வேண்டாம்.

பங்குத் திருவிழாத் திருப்பலியில் நான் கிட்டார் வாசிக்கிறேனா இல்லையா, பாட்டு ஏழிலா எட்டிலா, இந்த இரண்டு கேள்விகளுக்கும் வாய்மொழியாக அல்லாமல், தங்கள் கையெழுத்துடன் எழுத்துமூலம் பதில் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.